குளிர்ச்சித் தண்ணி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காந்துக்குங்க டீச்சர். எனக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான். டீச்சர்தானே? மடியில இருக்கற நோட்டுப் புத்தகங்களைப் பாத்தேன், ஆண்டு இரண்டு, தமிழ்மொழின்னு எழுதியிருக்கு. ஈப்போவுக்கா? நானும் ஈப்போதான். சுங்கைப் பட்டாணியில இருந்து மூணு மணி நேரம்னு டிக்கெட்டு குடுக்கற பொண்ணு சொன்னா. ஞாயித்துக்கிழமையில ஜூரு பக்கம் ரோட்டு ஜாம்ல மாட்டுனா அஞ்சு மணி நேரம். நீங்க பாட்டுக்குத் திருத்துங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். படிச்சவங்க நீங்க. தண்ணி மருந்தா?

இல்ல, சாதாரணத் தண்ணியில்ல. வேர் பட்டை போட்டு வத்தவெச்ச தண்ணி. குளிர்ச்சித் தண்ணின்னு சொல்லுவோமில்ல, அது. அது மருந்தா, தண்ணியா? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல. இதை நான் நிறையப் பேருகிட்ட கேட்டுட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

என் பேரு மருதப்பன். சிம்பாங் பூலாய் பக்கம் சுண்ணாம்புக்கல் மலையைக் குடையறாங்க பாத்திருப்பீங்க. அங்க முப்பத்தோரு வருசம் லோரி ஓட்டுனேன். என் சம்சாரம் அமராவதி. இப்ப சுங்கைப் பட்டாணியில அவ தங்கச்சி லோகா வீட்டுல இருக்கா. ஆஸ்பத்திரியில இருந்து ஒரு மாசம் ஓய்வெடுக்கப் போனவ. இது ஏழாவது மாசம்.

சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. நான் அவ மேல கை நீட்டுனதில்ல. எங்க வரிசை வீட்டுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. நாப்பது வருசக் குடித்தனத்துல ஒரு அடி கிடையாது. குடி கிடையாது. வேலை விட்டா வீடு.

அந்தத் தண்ணி எப்படி வந்துச்சுன்னா, அமராவதி அப்ப கையுறை பேக்டரியில வேலை பாத்துக்கிட்டிருந்தா. அவளுக்குக் கையில அரிப்பு. மணிக்கட்டுல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் சிவந்து, வெடிச்சு, நீர் வடியும். கிளினிக்ல குடுத்த களிம்பு போட்டா நாலு நாள் அடங்கும், அஞ்சாம் நாள் திரும்ப வரும். அரிப்போட சேர்த்து வாயும். அதையும் சொல்லிடறேன். நான் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு சொல்லுவா. குழம்புல உப்பில்லைன்னா, நாக்கு செத்துப் போச்சா உங்களுக்கும்பா. லீவு நாள்னா பேக்டரிப் பொம்பளைங்களோட கேமரன் மலைக்குப் போறேன்னு பஸ் ஏறிடுவா. பிளாஸ்டிக் பை நிறைய ஸ்ட்ராபெரி வாங்கிட்டு, சிரிச்சுக்கிட்டே வந்து நிப்பா. கேக்கணுமில்ல ஒரு வார்த்தை, புருசனை? கேக்க மாட்டா.

பழைய டவுன்ல ஒரு சீன மருந்துக் கடை இருந்துச்சு. கடைக்காரக் கிழவர்தான் வைத்தியர். நாங்க சின்சேன்னு கூப்பிடுவோம். அவருகிட்ட கூட்டிட்டுப் போனேன். நாடி பிடிச்சாரு, நாக்கை நீட்டச் சொன்னாரு. உள்ளுக்குள்ள சூடு, ஈரல்ல சூடு, அதான் தோல் அரிக்குது, கோவமும் வரும்னு மலாய்ல சொன்னாரு. டீச்சர், என் மனசுல இருந்ததை எடுத்து அப்படியே சொன்ன மாதிரி இருந்துச்சு. பொட்டலம் கட்டிக் குடுத்தாரு. வேரு, பட்டை, அப்புறம் விரல் நுனி அளவுக்கு ஒரு காஞ்ச காய், ஆரஞ்சும் சிவப்பும் கலந்த மாதிரி, வரி வரியா. அதைத் தண்ணியில போட்டா மஞ்சளா நிறம் இறங்கும், பாக்கவே அழகா இருக்கும். மூணு கிண்ணம் தண்ணி ஊத்தி ஒரு கிண்ணமா வத்த வைக்கணும். மூணு மாசம் குடு, அப்புறம் மறுபடி கூட்டிட்டு வா, நாடி பாக்கணும்னாரு.

ரெண்டே மாசத்துல அரிப்பு போயிடுச்சு. கை வழவழன்னு ஆயிடுச்சு. அந்த ரெண்டு மாசத்துக்குள்ளதான் அவளைப் பேக்டரி வேலையில இருந்தும் நிறுத்துனேன். உடம்பு சரியில்லாத பொம்பளையை வேலைக்கு அனுப்பறது நியாயமா? லோகா சொல்லுவா, பேக்டரியில அந்தக் கையுறை மாவுலதான் அரிப்பு வந்துச்சு, வேலையை விட்டதும் போயிடுச்சுன்னு. அவளுக்கென்ன தெரியும். கூடவா இருந்தா?

மூணாவது மாசம் இன்னொண்ணு கவனிச்சேன். வீடு அமைதியா இருந்துச்சு.

நான் சொன்னா சரிங்கறா. எங்கேயும் போகணும்னு கேக்கறதில்ல. உப்பில்லைன்னா எந்திரிச்சுப் போய் உப்பு எடுத்துட்டு வர்றா. வேலை முடிஞ்சு வந்தா ஜன்னல்கிட்ட உட்காந்திருப்பா, நான் வந்ததும் எந்திரிச்சு கோப்பி போட்டுக் குடுப்பா. நான் நினைச்சேன், சின்சே கெட்டிக்காரரு, சூடு இறங்கிடுச்சுன்னு. அப்ப நீங்களே சொல்லுங்க, அந்தத் தண்ணியை நிறுத்துவேனா? பலன் தெரியற ஒண்ணை யாராவது நிறுத்துவாங்களா?

பதினாலு வருசம் டீச்சர். ஒரு நாள் விட்டதில்ல. நானேதான் வத்தவெச்சேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்புல சட்டி ஏறிடும். எந்தப் புருசன் செய்வான் சொல்லுங்க? பக்கத்து வீட்டுப் பொம்பளை, மருதப்பண்ணன் மாதிரி ஒரு ஆளு கிடைக்க அமராவதி குடுத்து வெச்சிருக்கணும்னு வாயாரச் சொன்னவ. ஒரு தடவை கறிவேப்பிலைச் செடிக்கடியில மஞ்சளா ஈரம் பாத்தேன். ஊத்தியிருக்கா. நான் திட்டல. அன்னைக்கிலிருந்து கிண்ணம் காலியாகற வரைக்கும் எதிர்ல நாற்காலி போட்டு உட்காந்துக்குவேன், அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாம இல்ல. அக்கறை.

நடுவுல சின்சே செத்துப்போயிட்டாரு. மகன் கடையை எடுத்துக்கிட்டாரு, அவருக்கே அம்பது வயசிருக்கும். என்ன அங்கிள், இன்னுமா ஆண்டி இதைக் குடிக்கிறாங்க, இது வருசக்கணக்கா குடிக்கறதில்லையே, கூட்டிட்டு வாங்க, நாடி பாக்காம இனிமே குடுக்க மாட்டேன்னாரு. வியாபாரம் தெரியாதவரு. நான் பழைய சீட்டைக் கையில வெச்சிருந்தேன். வேற கடைக்குப் போய், சீட்டைக் காட்டி வாங்கிக்கிட்டேன். சீட்டு சீன எழுத்துதானே, எந்தக் கடையிலயும் செல்லும்.

பதிமூணாவது வருசம் அவளுக்கு வயித்து வலி. வலது பக்கம். சாப்பிட்டா உப்பிக்கும், வாந்தி வரும். சில நாள் தண்ணியாப் போகும், சில நாள் போகவே போகாது. கிளினிக்ல கேஸ்டிரிக்னாங்க, வெள்ளை மருந்து குடுத்தாங்க. கேக்கல. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியில அவளுக்கு என்ன பேசத் தெரியும்? சந்தை மலாய்தான். அதனால கேள்வியெல்லாம் நான்தான் வாங்கிக்குவேன். எத்தனை நாளா வலி, என்ன சாப்பிட்டாங்க, இதுக்கு முன்ன ஆபரேசன் உண்டா, எல்லாத்துக்கும் என்கிட்ட பதில் இருக்கும். தமிழ் டாக்டரா இருந்தாலும் நான்தான் சொல்லுவேன். அவளுக்குக் கூச்சம். மலம் எப்படிப் போகுதுன்னு ஒரு ஆம்பளை டாக்டர் கேட்டா என்ன சொல்லுவா?

நாட்டு மருந்து, சீன மருந்து ஏதாவது சாப்பிடறாங்களான்னு கேட்டாங்க. நாலு தடவை, நாலு டாக்டர். இல்லேன்னேன். டீச்சர், அது பொய் கிடையாது. மருந்துன்னா நோய்க்குக் குடுக்கறது. அரிப்புதான் பதிமூணு வருசத்துக்கு முன்னாலயே போயிடுச்சே. இது சும்மா உடம்பு குளிர்ச்சிக்கு. அதான் முதல்லயே உங்களைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவ என் முகத்தைப் பாப்பா. நான் இல்லேன்னதும் தலையைக் குனிஞ்சுக்குவா.

குழாய் விட்டுப் பாத்தாங்க. உள்ள குடலு, வலது பக்கம் முழுக்க, அடிபட்ட இடம் கன்னிப்போன மாதிரி நீலமும் கறுப்புமா இருக்குன்னாங்க. சதையைக் கிள்ளி எடுத்து சோதிச்சாங்க. புத்துநோய் இல்ல. குடல்ல காசநோயா இருக்கலாம்னு சந்தேகப்பட்டு மாத்திரை குடுத்தாங்க. தினமும் கை நிறைய மாத்திரை. மூத்திரம் சிவப்பாப் போகும். அந்த மாத்திரை எவ்வளவு சூடு! அதனால நான் தண்ணியைக் காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளைன்னு ஆக்குனேன். அவ குடிச்சா. குடிச்சிட்டு சில நாள் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுப்பா. நான் இன்னொரு அரைக் கிண்ணம் குடுப்பேன். போனது போக உள்ள கொஞ்சமாவது நிக்கணுமே.

இளைச்சுட்டா டீச்சர். வளையல் முழங்கை வரைக்கும் ஏறும். ஒரு நாள் பாத்ரூம்ல சுருண்டு விழுந்துட்டா.

வார்டுல சேத்தாங்க. வயித்தை ஸ்கேன் எடுத்தாங்க, மெசினுக்குள்ள படுக்கவெச்சு எடுப்பாங்களே, அது. மறுநாள் ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் வந்தாங்க. டாக்டர் தர்ஷினி. கம்ப்யூட்டரைத் தள்ளிக்கிட்டே கட்டில் பக்கம் வந்துட்டாங்க. என்கிட்ட காட்டல. அமராவதியை எந்திரிச்சு உட்காரவெச்சு, அவகிட்ட காட்டுனாங்க. நான்தான் எட்டிப் பாத்தேன். குடலைச் சுத்தி வெள்ளை வெள்ளையா நூல் மாதிரி. மீன் முள்ளு மாதிரியும் இருந்துச்சு.

"ஆண்டி, இது உங்க குடல்ல இருந்து ரத்தத்தை வெளியே கொண்டு போற நரம்பு. இது கல்லாயிடுச்சு. சுண்ணாம்பு படிஞ்சிருக்கு."

நான் சிரிச்சுட்டேன். முப்பத்தோரு வருசம் சுண்ணாம்புக்கல் ஏத்துனவன் நான், எனக்கு இல்லாத சுண்ணாம்பு வீட்டுல உட்காந்திருக்கறவளுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன். டாக்டர் சிரிக்கல. அவகிட்டயே பேசுனாங்க. ரத்தம் குடலுக்கு உள்ள வருது ஆண்டி, ஆனா வெளிய போக வழியில்ல, உள்ளயே தேங்கி நிக்குது, அதான் நீலமா இருக்கு, அதான் வலின்னாங்க.

அமராவதி, "இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னா.

டாக்டர் இன்னொரு தடவை சொன்னாங்க. அவ்வளவு தெளிவான தமிழ்ல சொன்னதை ஏன் ரெண்டாந்தடவை கேக்கணும்? எனக்கு விளங்கல.

இது ரொம்ப அபூர்வமான நோயாம். ஜப்பான், தைவான் பக்கம் சில பேருக்கு வந்திருக்காம். ஒரு காய் இருக்காம், அதைப் போட்ட மருந்தை வருசக்கணக்குல குடிச்சவங்களுக்குத்தான் அதிகமா வருதாம். ராத்திரியெல்லாம் படிச்சுப் பாத்தேன்னாங்க அந்த டாக்டர். அப்புறம் என் பக்கம் திரும்புனாங்க.

"அங்கிள், நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

"எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க டாக்டர். அவளுக்குச் சொல்லத் தெரியாது."

"தமிழ்தானே பேசப் போறோம். வெளிய இருங்க."

நர்ஸு மிஸ்ஸி ஒருத்தங்க வந்து திரையை இழுத்துட்டாங்க. நான் நடைபாதையில நின்னேன். நாப்பது நிமிசம், கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். முதல்ல டாக்டர் குரல்தான் கேட்டுச்சு. அப்புறம் இவ குரல். நிறுத்தாம பேசறா டீச்சர். அவ்வளவு பேச அவகிட்ட என்ன இருக்கு? நாங்க ரெண்டு பேரும் வீட்டுல ஒரு வாரத்துக்குப் பேசறதை அவ அந்த நாப்பது நிமிசத்துல பேசியிருப்பா. நடுவுல அழற சத்தம். உள்ள போகப் பாத்தேன், மிஸ்ஸி விடல.

திரை திறந்ததும் டாக்டர் கேட்டாங்க: "வீட்டுல இருக்கற பொட்டலத்தைக் கொண்டு வர முடியுமா?"

கொண்டு வந்தேன். நான் எதையும் மறைக்கறவன் இல்ல. டாக்டர் ஒரு தட்டுல கொட்டி, விரலால தள்ளித் தள்ளிப் பாத்து, அந்தக் காயை எடுத்து வெச்சாங்க. இதுதான்னாங்க.

"எத்தனை வருசம் அங்கிள்?"

"பதினாலு."

"இவங்க வேணும்னு கேட்டாங்களா?"

என்ன கேள்வி இது? ஒரு புருசன் செய்யறதைப் பொண்டாட்டி கேட்டுத்தான் செய்யணுமா? நாலு டாக்டர் கேட்டாங்களே, ஏன் இல்லேன்னு சொன்னீங்கன்னாங்க. அது மருந்தில்லை, தண்ணின்னேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்தாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

காசநோய் மாத்திரையை நிறுத்துனாங்க. தண்ணியை நிறுத்தச் சொன்னாங்க. சீக்கிரமே தெரிஞ்சிருந்தா, தண்ணியை நிறுத்துனாலே போதுமாம். ஆனா குடல் ஒரு இடத்துல சுருங்கி அடைச்சுக்கிச்சு, ஆபரேசன் பண்ணி ஒரு முழத்துக்கு மேல வெட்டி எடுத்தாங்க. கையெழுத்துப் போட என்னைக் கூப்பிடுவாங்கன்னு வெளிய உட்காந்திருந்தேன். அவளே போட்டுட்டாளாம்.

வீட்டுக்கு அனுப்பற அன்னைக்கு லோகா காடி எடுத்துட்டு வந்துட்டா. அக்காவை ஒரு மாசம் நான் பாத்துக்கறேன் மாமான்னா. நான் அமராவதியைப் பாத்தேன். அவ செருப்பை மாட்டிக்கிட்டிருந்தா. காடியில பின்னால ஏறி, கதவை அவளே சாத்துனா.

வீட்டுக்கு வந்தேன். ஆறு மணி ஆச்சு. கை சும்மா இருக்கல டீச்சர். பதினாலு வருசப் பழக்கம். சட்டியை ஏத்திட்டேன். வத்துனதுக்கப்புறம்தான் யோசிக்கறேன், யாருக்குன்னு. சரி, அந்த டாக்டர் பொண்ணு சொல்றது எவ்வளவு தூரம் நிஜம்னு பாத்துடுவோம்னு நானே வாயில ஊத்துனேன்.

துப்பிட்டேன்.

என்ன கசப்பு! வேப்பிலையைத் தின்னிருக்கேன், பாவக்காய்ச் சாறு குடிச்சிருக்கேன். இது வேற. தொண்டையில இறங்கி, அப்புறம் திரும்ப மேல வர்ற கசப்பு. நான் அது வரைக்கும் ஒரு சொட்டுகூட வாயில வெச்சுப் பாத்ததில்ல. எனக்கு எதுக்கு, எனக்குத்தான் சூடு இல்லையே. இவ்வளவு கசக்குதுன்னு அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சொன்னாத்தானே தெரியும். முதல் வருசம் ஏதோ சொன்னா. எல்லாரும் மருந்தைக் கசக்குதுன்னுதான் சொல்லுவாங்க, அதையெல்லாம் பெருசா எடுத்துக்க முடியுமா?

இல்ல, மருந்தில்ல. தண்ணி. தண்ணின்னுதான் சொல்ல வந்தேன்.

மறுநாளும் குடிச்சேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு. இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் விடல. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு காட்டிட்டா, லோகா வாயும் அடங்கும், டாக்டர் சொன்னதும் தப்புன்னு ஆயிடும், அவளும் திரும்பி வந்துடலாமில்ல?

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வர்றேன். முதல் ரெண்டு மாசம் அவ தூங்கறான்னு லோகா சொல்லுவா. நான் அரை மணி நேரம் ஹால்ல உட்காந்துட்டுப் போயிடுவேன். அப்புறம் கேட்டைத் திறக்கறதையே விட்டுட்டாங்க. வெளிய நிக்கும்போது உள்ள இருந்து அவ சத்தம் கேக்கும். லோகா புருசனைக் கிண்டல் பண்ணிக்கிட்டு, டிவியைப் பாத்துச் சத்தம் போட்டுக்கிட்டு. பழைய மாதிரியே. எனக்கு பயமா இருக்கு டீச்சர். சூடு மறுபடி ஏறிடுச்சு. அவங்க யாரும் கவனிக்க மாட்டேங்கறாங்க.

அவ அடையாளக் கார்டு, ஐசி, என்கிட்டதான் இருந்துச்சு. எப்பவும் என்கிட்டதான் இருக்கும், அவ தொலைச்சிடுவா. போன மாசம் போன் பண்ணுனா. அவளா போன் பண்ணுனது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூட கேன்டீன்ல வேலை கிடைச்சிருக்கு, அதுக்கு டைபாய்டு ஊசி போட்டு சர்டிபிகேட் எடுக்கணும், ஐசி வேணும்னா. தேடறேன்னேன். ரெண்டு தடவை வெறுங்கையோட வந்தேன். ஐசியைக் குடுத்துட்டா அப்புறம் அவ எதுக்கு எனக்குப் போன் பண்ணப் போறா? குடுக்கலைன்னா கேட்டுப் பக்கமே வர மாட்டேங்கறா. ரெண்டு பக்கமும் அடைச்சா நான் எந்தப் பக்கம் போறது?

இன்னைக்குக் கொண்டு வந்தேன். கேட்டைத் தட்டுனதும் அவளே வந்தா. சதை போட்டிருக்கா. முகத்துல ஒரு தெளிவு. கேட்டுக் கம்பி வழியா ஐசியை நீட்டுனேன். வாங்கி, ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்து, இடுப்புல சொருகிக்கிட்டா.

"பசியாறிட்டீங்களா?"

"இல்ல."

"பஸ் ஸ்டாண்டுல ரொட்டி சானாய்க் கடை இருக்கு. நல்லா இருக்கும்."

பாருங்க, எவ்வளவு அக்கறை. நான் அந்தத் தைரியத்துல சொன்னேன். "அமராவதி, நானும் அந்தத் தண்ணியைக் குடிக்கறேன். ஏழு மாசமா, ஒரு நாள் விடாம. எனக்கு ஒண்ணும் ஆகல. பாரு, கல்லு மாதிரி இருக்கேன். வா, வீட்டுக்குப் போவோம்."

அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. கோவமா பாக்கல. நாப்பது வருசத்துல அவ என்னை அவ்வளவு நேரம் பாத்ததில்ல. அப்புறம் சொன்னா:

"பதினாலு வருசம் குடிச்சுட்டு வாங்க. அப்ப பேசலாம்."

உள்ள போயிட்டா. கதவை மெதுவாத்தான் சாத்துனா.

எனக்கு இப்ப அறுபத்தெட்டு டீச்சர். ஏழு மாசம் ஏற்கனவே குடிச்சாச்சு, அதைக் கழிச்சா பதிமூணு வருசம் அஞ்சு மாசம். எம்பத்தொண்ணு முடிஞ்சிருக்கும். எம்பத்தொண்ணெல்லாம் இந்தக் காலத்துல ஒரு வயசா? எங்கப்பா எம்பத்தஞ்சு வரைக்கும் நடமாட்டத்தோடதான் இருந்தாரு. அவளுக்கும் அப்ப எழுபத்தஞ்சுதான் ஆகியிருக்கும்.

பேசலாம்னு அவ வாயாலயே சொல்லியிருக்கா, கேட்டீங்கல்ல?